பேத்தி கேட்ட பச்சை அங்கி

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் இரண்டு மிஷினுக்கும் ஓய்வு கிடையாது. உடன்குடியில் 31 ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்பு தைப்பதுதான் வருடத்தில் எனக்குப் பெரிய வேலை. காளிக்குச் சிவப்பு, ராஜாவுக்கு வெல்வெட், எமனுக்குக் கறுப்பு என்று கடை முழுக்கத் துணி கிடக்கும். சென்ற தசரா விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் பேத்தி, அந்த நெரிசலுக்குள் நின்றுகொண்டு தனக்கும் ஒரு வேஷம் கேட்டாள்.

“ஆச்சி, எனக்கு வினிஃப்ரெட் உடுப்பு வேண்டும். பச்சை நிறம். தரை வரைக்கும் இறங்க வேண்டும்.”

யார் அந்த வினிஃப்ரெட் என்று கேட்டேன். மடிக்கணினியில் அவள் வருகிற ஆங்கிலப் படத்தைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டாள். அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் பேய், பூதம், சூனியக்காரி என்று வேஷம் போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குகிறார்களாம். ஹாலோவீன் என்று பெயர். வேஷம் கட்டி வாசல் வாசலாகப் போவது எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் அம்மன் பேரைச் சொல்லித் தர்மம் எடுத்துக் கோயில் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அவர்கள் மிட்டாயைத் தாங்களே தின்றுவிடுகிறார்கள். ஆக, அளவும் வெட்டும் தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் 96 நிமிடப் படத்துக்கு எனக்கு இரண்டு இரவு பிடித்தது. பேச்சு ஆங்கிலம்; மகள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

படத்தின் பெயர் ‘ஹோகஸ் போகஸ்’. டிஸ்னி நிறுவனத்தின் படம். கென்னி ஒர்டேகா இயக்கியது. 1993 ஜூலை 16 அன்று வெளியானபோது பெரிய வரவேற்பு இல்லை. பிறகு ஒவ்வோர் அக்டோபரிலும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியதில், அன்றைய அமெரிக்கப் பிள்ளைகளின் நினைவில் பண்டிகைப் பலகாரம் போல ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். என் மகளுக்கு அப்படிப் பழைய நினைவு எதுவும் இல்லை. அலுவலகத் தோழி சொல்லித்தான் பார்த்தாளாம். அடுத்தவர்களின் பால்ய நினைவு என் பேத்தி வழியாக உடன்குடிக்கு வந்து சேர்ந்தது.

கதை எளிது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்று ஓர் ஊர். 1693-ல் அங்கே வினிஃப்ரெட், மேரி, சாரா என்று மூன்று சகோதரிகள். சூனியக்காரிகள். ஒரு சிறுமியின் உயிரை உறிஞ்சித் தங்கள் வயதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தடுக்க வந்த அவளுடைய அண்ணனைச் சாகாத கறுப்புப் பூனையாக மாற்றுகிறார்கள். ஊர் திரண்டு வந்து மூவரையும் தூக்கில் போடுகிறது. 300 ஆண்டு கழித்து ஹாலோவீன் இரவில் ஒரு பையன் விளையாட்டாக மந்திர மெழுகுவத்தியை ஏற்ற, மூவரும் திரும்பி வருகிறார்கள். பொழுது விடிவதற்குள் பிள்ளைகளின் உயிரைக் குடிக்காவிட்டால் தூளாகிவிடுவார்கள். பையன், அவனுடைய எட்டு வயதுத் தங்கை, அவன் விரும்பும் பெண், அந்தப் பூனை, எல்லாரும் சேர்ந்து ஓர் இரவு முழுக்க ஓடுகிறார்கள்.

முதலில் உடுப்பைச் சொல்லிவிடுகிறேன், என் தொழில் அது. உடைகளை வடிவமைத்தவர் மேரி வோக்ட். மூன்று பெண்களுக்கும் மூன்று துணி, மூன்று வெட்டு. தூரத்தில் நிழலாக நின்றாலும் இன்னார் என்று சொல்லிவிடலாம். மூத்தவளுக்குப் பச்சை அங்கி, அதன்மேல் மந்திரக் குறிகள் போன்ற வேலைப்பாடு. நடுவுள்ளவளுக்குச் சிவப்புச் சாயல். இளையவளுக்கு ஊதா, இடுப்பை இறுக்கிய வார்க்கச்சை. மூத்தவளின் செம்பட்டை முடி இரண்டு பக்கமும் கொம்பு போலத் தூக்கி நிற்கிறது. நான் வியந்தது துணியின் பழமையை. முந்நூறு ஆண்டு கிடந்து எழுந்தவர்களின் உடுப்பு எங்கே நைந்திருக்க வேண்டுமோ அங்கே நைந்திருக்கிறது. புதுத் துணியை வெட்டித் தைத்துப் பிறகு அதைப் பழசாக்குவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று தையற்காரிக்குத்தான் தெரியும்.

அந்த உடுப்புக்குள் இருக்கும் மூன்று உடம்புகளைப் பற்றித்தான் இரண்டு இரவும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவள் கிழவி, துருத்திய பல். நடுவுள்ளவள் பருத்தவள், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, நாய் மோப்பம் பிடிப்பது போலப் பிள்ளைகளை மோந்து கண்டுபிடிப்பவள். இளையவள் அழகி, புத்தி குறைந்தவள், ஆண்களைக் கண்டால் பின்னால் போகிறவள். ஊரார் ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கச் சொல்லும் காரணங்கள் எல்லாம் இந்த மூவருக்குள் பங்கு போடப்பட்டிருக்கின்றன: வயதாகிவிட்டது, தின்கிறாள், ஆண்களைப் பார்த்து இளிக்கிறாள். மூத்தவளாக நடித்த பெட் மிட்லர் 1945-ல் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு வயது 47. அந்த வயதுப் பெண்ணைப் பயங்கரமான கிழவியாக்கப் பொய்ப்பல் கட்ட வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு இப்போது 58. இளமைக்காகக் கொலையும் செய்வாள் என்று இந்தப் படம் சொல்கிற பெண்ணைவிட நான் 11 வயது மூத்தவள். அந்தக் கணக்கு எனக்கு உறுத்தியது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படத்தின் உயிரே இந்த மூன்று பேர்தான். அவர்கள் வராத காட்சிகளில் திரை சவக்களையாக இருக்கிறது. மூவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருத்தி காலைத் தூக்கினால் மற்ற இருவரும் தூக்கி, வரிசை குலையாமல் நடந்து வரும்போது பேத்தி எழுந்து நின்று கூடவே நடந்தாள். கேத்தி நஜிமியின் கோணல் வாயும், சாரா ஜெசிக்கா பார்க்கரின் குதிப்பும், மிட்லர் கண்ணை உருட்டித் தங்கையை அதட்டுவதும் நடிப்பு என்பதையே மறக்கடிக்கின்றன. ஊரில் பெண்கள் ஆற அமரச் சேர்ந்து இருக்கும் இடங்களில், கோயில் கொடை விழாவுக்கு முந்தைய இரவு முறுக்குச் சுடும் அடுக்களையில் இப்படி ஒரு கும்மாளம் இருக்கும். அவர்கள் ஏறிப் பறப்பதும் வீட்டுச் சாமான்கள்தான். வாருகோல் களவு போனதும் ஒருத்தி தரை துடைக்கும் மாப்பை எடுத்துக்கொள்கிறாள், ஒருத்தி மின்சாரத் தூசி உறிஞ்சியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். காலமெல்லாம் பெண்ணைக் குனிய வைத்த சாமான்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வானத்தில் போவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

என் பெரிய அத்தை நினைவுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணமான இரண்டாம் வருடமே மாமாவை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பெரிய உடம்பு. சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். பனைவிளை ஓரத்தில் தனியாக ஓர் ஓலைக் குடிசை. ஆடாதொடையும் நொச்சியும் பறித்து வந்து கஷாயம் வைத்துக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். தலையைப் பின்னாமல் விட்டிருப்பார், அதுவும் முழுக்க நரைத்த முடி. தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நிற்காமல் போனபோது, கஷாயம் கொடுத்த கையைத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவரைப் பார்த்தால் “சூனியக்காரி” என்று கத்திவிட்டு ஓடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் கூட ஓடினேன். ஊசியில் நூல் கோக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நூல் முனையை நாக்கில் நனைத்து, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தட்டையாக நசுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே ஊசிக் காதைப் பிடித்து, “நூலைக் கொண்டுபோகாதே, காதைக் கொண்டுவா” என்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் கோக்கிறேன்.

படம் முடிந்ததும், சேலத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று தேடிப் படித்துச் சொல்லும்படி மகளிடம் சொன்னேன். விசாரணைகள் 1692-ல் தொடங்கியவை. தூக்கில் போடப்பட்டவர்கள் 19 பேர்; அதில் 14 பேர் பெண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரை மார்பில் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சாரா குட் என்ற பிச்சைக்காரப் பெண்ணையும் தூக்கிலிட்டார்கள். அவளுடைய நாலு வயது மகளைச் சிறையில் வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் உடுப்பைக் களைந்து, சாத்தானுக்குப் பால் கொடுத்த தடம் இருக்கிறதா என்று மருவையும் மச்சத்தையும் தேடிப் பார்த்தார்கள். பார்த்தவர்களும் பெண்களே. வயதான உடம்பில் மரு இல்லாமல் இருக்குமா?

படத்தில் சூனியக்காரிகள் உண்மையிலேயே பிள்ளையைக் கொல்கிறவர்கள், ஊர் அவர்களைத் தண்டிப்பது நியாயம். உண்மைச் சேலத்தில் கொன்றது ஊர்தான். விளையாட்டுப் படம்தானே என்று இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்தப் பெண்களின் ஊரையும் ஏறத்தாழ அதே ஆண்டையும் எடுத்துக்கொண்டு, பழியை மட்டும் மெய்யாக்கி வைத்திருக்கிறார்கள். இளையவளாக நடித்த பார்க்கரின் மூதாதையரில் எஸ்தர் எல்வெல் என்ற பெண் 1692-ல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர். வழக்கு நடத்திய நீதிமன்றமே கலைக்கப்பட்டதால் தப்பியவர். பார்க்கருக்கு இது தெரியவந்தது படம் வந்து பல ஆண்டுக்குப் பிறகு. அந்த விசாரணைகளில் தண்டிக்கப்பட்டவர்களில் கடைசியாகப் பெயர் களங்கம் நீக்கப்பட்ட எலிசபெத் ஜான்சனுக்கு அது கிடைத்தது 2022-ல், பள்ளிப் பிள்ளைகள் விடாமல் கேட்டதால்.

முதலில் தூக்கிலிடப்பட்டவள் பிரிட்ஜெட் பிஷப், 1692 ஜூன் 10. அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஒரு சாயக்காரர் இருந்தார். அவள் லேஸ் துண்டுகளைச் சாயம் போடக் கொண்டுவருவாள், அவற்றில் சில எதற்கும் உதவாத அளவுக்குச் சிறியவை என்றார். மனிதருக்கு உதவாத துண்டு என்றால் மாயத்துக்குத்தான் என்று கேட்டவர்கள் முடிவு கட்டிக்கொள்ளப் போதுமான பேச்சு. மகள் இதைப் படித்தபோது நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

மெழுகுவத்தி விஷயத்துக்கு வருகிறேன். அதை ஏற்றுகிறவர் உடலுறவு அறியாதவராக இருக்க வேண்டும் என்பது படத்தில் விதி. ஏற்றியவன் பதின்ம வயதுப் பையன். அதைச் சொல்லிப் படம் முழுக்க அவனைக் கேலி செய்கிறார்கள். எட்டு வயதுத் தங்கையும் கேலி செய்கிறாள். குடும்பத்தோடு பார்க்கும் படத்தில் ஒரு சிறுமி வாயால் இந்தப் பேச்சு எதற்கு? அண்ணன் விரும்பும் பெண்ணின் மார்பைப் பற்றி அதே சிறுமி பேசும் ஒரு வரியும் உண்டு. மகள் அந்த இடத்தில் மொழிபெயர்க்காமல் விட்டாள். எனக்குப் புரிந்தது. இதை எழுதிய பெரியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

எங்கள் பக்கத்தில் கன்னி என்ற சொல்லுக்கு வேறு கனம். கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்து வீட்டில் கும்பிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை சட்டை எடுத்துப் பனையோலைப் பெட்டியில் வைப்பார்கள். அந்தச் சிறிய உடுப்புகளையும் நான் தைக்கிறேன். அளவு சொல்ல வரும் அம்மா, என்றோ போன பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டுவாள். இருபது வருடம் ஆனாலும் அதே உயரம்தான் காட்டுவாள். அங்கே பையனின் கன்னிமை வெட்கம், இங்கே பெண்ணின் கன்னிமை தெய்வம். இரண்டிலும் பிள்ளையின் உடம்பைப் பெரியவர்கள் தங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பிள்ளையைத் தின்னும் பெண் எங்களுக்கும் உண்டு. எங்கள் ஊரில் விளையோரம் இசக்கி அம்மன் நிற்கிறாள். சுட்ட மண்ணில் செய்து சாயம் தீட்டிய உருவம். உருட்டிய கண், இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் கடித்தபடி ஒரு பிள்ளை. பிள்ளை இல்லாதவர்கள் அவளிடம்தான் போய் மரத்தொட்டிலும் மண்பிள்ளையும் வைத்துக் கேட்கிறார்கள். தின்கிறவளிடமே கேட்கிறார்கள். கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் அவள் கதையைப் பாடுவார். யாரை நம்பினாள், எவன் ஏமாற்றினான், எப்படிச் செத்தாள், ஏன் கோபம் கொண்டாள் என்று குடத்தைத் தட்டித் தட்டிச் சாமம் கடந்தும் போகும் அந்தக் கதை. அது முடியும் முன் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். இந்தப் படத்தில் சகோதரிகளுக்கு அப்படி ஒரு கதை இல்லை. கெட்டவர்கள், அவ்வளவுதான். 2022-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் தொடக்கத்தில் சொல்கிறார்கள்: பதினாறு வயது வினிஃப்ரெட்டை ஊர்ப் பாதிரியார் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார், மாட்டேன் என்கிறாள், ஊரை விட்டு விரட்டுகிறார்கள். முதல் படத்திலேயே இந்தப் பத்து நிமிடம் இருந்திருந்தால் நான் வேறு விமர்சனம் எழுதியிருப்பேன். இசக்கிக்கும் மரியாதை கிடைத்தது செத்த பிறகுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருந்த என் அத்தைக்கு ஒரு முழம் பூ யாரும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

நகர மண்டபத்தில் மூவரும் பாடி ஆடும் காட்சிதான் படத்தின் உச்சம். இயக்குநர் நடன அமைப்பாளராக இருந்து வந்தவர் என்பது அந்தக் காட்சியில் தெரிகிறது. பாட்டாலேயே பெற்றோர்களைக் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் இரவு முழுக்க ஆடி ஓய்கிறார்கள், பிள்ளைகளைக் காக்க ஆளில்லை. தன் வசத்தில் இல்லாமல் ஆடும் உடம்பு அங்கே பயமுறுத்தும் விஷயம். நான் பார்த்து வளர்ந்தது வேறு. எங்கள் தெருவில் ஒருத்தி, மாமனார் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்குவாள். கொடையன்று மகுட மேளம் அடித்து அருள் வந்ததும் முடி அவிழ்ந்து, வேப்பிலையோடு நேரே அந்த மாமனார் முன் போய் நின்று, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் காலை அவள் பழையபடி ஒதுங்கினாள். ஆனாலும் அவர் அந்தத் தெருவில் நடந்த நடை மாறிவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

வேஷம் பற்றியும் எனக்கும் படத்துக்கும் ஒரு தகராறு உண்டு. நிஜச் சூனியக்காரிகள் தெருவில் நடக்கிறார்கள், எல்லாரும் வேஷம் என்று நினைக்கிறார்கள். சாத்தான் வேஷம் போட்ட ஒருவரை மூவரும் தங்கள் எசமானன் என்று நம்பிப் பணிகிறார்கள். இந்தக் காட்சிகளுக்குப் பேத்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். நன்றாக எழுதிய காட்சிகள்தான். ஆனால் அங்கே வேஷம் என்றால் பொய். எங்கள் குலசேகரன்பட்டினத்தில் அப்படி இல்லை. வலை இழுக்கும் ஒருவர் எட்டு வருடமாக என்னிடம் காளிக்குத் தைக்கிறார். 41 நாள் விரதம். சிவப்பு ரவிக்கைக்கு மார்பளவு எடுக்கும்போது கையைத் தூக்கி நிற்பார், பேச மாட்டார். உள்ளே பஞ்சு வைத்து, லைனிங் கொடுத்து, மூட்டுத் தையல் இரட்டையாகப் போடுவேன். சடைமுடியும் கிரீடமும் கூடுதல் கைகளும் ஏறினால் தையல் இழுபடும். போட்டுப் பார்க்கும் நாளில், கடைசிக் கொக்கியை மாட்டியதும் அவருடைய தோள் பின்னால் போகும், தாடை உயரும். வாசலில் காத்திருக்கும் மனைவி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடுவாள். அவள் கும்பிடுவது அவரையல்ல. பெண்ணாகாமல் ஓர் ஆணால் அந்தச் சக்தியைச் சுமக்க முடியாது என்று இந்த ஊர் நம்புகிறது. இரண்டாம் பாகத்தில், பெண் வேஷம் கட்டி மேடையேறும் கலைஞர்கள் மூவர் இந்தச் சகோதரிகளாக உடுத்திக்கொண்டு நிஜச் சகோதரிகளுக்கு எதிரே நிற்கும் காட்சி ஒன்று உண்டு. எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. யாரும் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

இன்னொரு பாத்திரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பில்லி என்று ஒரு பிணம். வினிஃப்ரெட்டின் காதலனாக இருந்தவன். தங்கையோடு பழகியதற்காக நஞ்சு வைத்துக் கொன்று, பேசக் கூடாது என்று வாயையும் தைத்துவிட்டாள். மழுங்கிய ஊசியால் தைத்தாள் என்று படம் சொல்கிறது. அந்தத் தையலை அருகில் காட்டுகிறார்கள். கோணித் தையல் போல அகல அகலமாக, உதட்டைச் சுருக்கி இழுத்த தையல். டக் ஜோன்ஸ் என்ற நடிகர் வாய் திறக்காமலே, நீண்ட கைகாலை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் காட்டிவிடுகிறார். கடைசியில் அவன் கத்தியால் நூலை அறுத்துக்கொள்ள, முதலில் வருவது பேச்சல்ல, விட்டில்பூச்சிகள். பிறகு வினிஃப்ரெட்டைத் திட்டுகிறான். வாய் தைக்கப்பட்ட பெண்களைத்தான் நான் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். ஆணின் வாயைப் பெண் தைத்த கதையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தொடக்கத்திலேயே ஒரு சிறுமி இறக்கிறாள், மூன்று பெண்களின் தூக்கும் வருகிறது. இளையவள் பாடிக் கூப்பிட, பிள்ளைகள் தூக்கத்தில் நடப்பவர்கள் போலத் தெருவில் இறங்கும் காட்சி இருக்கிறது. பேத்தி அப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். பூனையின் கதை நன்றாக முடிகிறது. 300 ஆண்டு காத்திருந்த அண்ணனும் அந்தச் சிறிய தங்கையும் கைபிடித்துப் போவதைப் பார்த்து மகள் அழுதாள். பையனும் அவன் விரும்பும் பெண்ணும் நினைவில் நிற்கவில்லை. தங்கையாக வரும் தோரா பர்ச் நிற்கிறாள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஒன்றரையைக் குறைத்தது அந்தச் சேலத்துப் பெண்களுக்காக. மூன்றரையும் மூன்று நடிகைகளுடையது.

விடிந்ததும் வினிஃப்ரெட் கல்லாகி வெடிக்கிறாள், தங்கைகள் தூளாகிறார்கள். அந்த இடத்தில் மடிக்கணினியை நிறுத்திவிட்டுப் பேத்தியிடம் கேட்டேன், படத்தில் தைரியசாலியாக வருகிற உன் வயதுச் சிறுமியின் சிவப்பு உடுப்பை விட்டுவிட்டு ஏன் இந்தக் கிழவியின் உடுப்பு வேண்டும் என்று. “அவளுக்குத்தான் ஆச்சி கை பெரியது” என்றாள். சட்டைக்கையைச் சொல்கிறாளா வேறு எதையாவதா என்று நான் கேட்கவில்லை.

திருநெல்வேலி டவுனில், ரத வீதியில் போய்ப் பச்சை சாட்டின் ஐந்து மீட்டர் எடுத்தேன். இரண்டு காளிகளுக்கும் ஓர் எமனுக்கும் இடையில் அதைத் தைத்தேன். கை முழங்காலைத் தொடும் அளவுக்கு அகலமாக விட்டேன். மந்திரக் குறிகளை ஜரிகை நூலால் போட்டேன். படத்தில் இருப்பவை எனக்கு விளங்காததால் எங்கள் வாசல் கோலத்தின் வளைவுகளையே போட்டுக் கொடுத்தேன், பேத்திக்குச் சம்மதம். கழுத்துப் பட்டைக்கு லேஸ் தேவைப்பட்டது. மிஷின் மேசையின் கீழ் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன், 31 ஆண்டாக வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்காக. விரல் நீளம், ஒரு சாண், அரைச் சாண். தங்க நிறத்தில் ஒன்று, காளி ரவிக்கையில் மிஞ்சிய சிவப்பு ஒன்று, கன்னி உடுப்பில் மிஞ்சிய வெள்ளை மூன்று. பதினோரு துண்டு ஒட்டுப்போட்டதில் கழுத்தைச் சுற்றி வரச் சரியாக இருந்தது.